இறக்கத்தை நினைத்து டயர் வாங்குங்கள்

கேமரன் மலையில் பிக்கப் வாங்குகிற இளைஞர்கள் முதல் மாதமே போய் நிற்கும் இடம் டயர் கடை. ஹைலக்ஸோ, டிமேக்ஸோ, ரேஞ்சரோ, கம்பெனி போட்டுத் தந்த டயர் அவர்களுக்குப் போதவில்லை. என் அக்கா மகனும் ரிங்லெட் பக்கம் காய்கறி ஏற்றும் வேலைக்காகப் பழைய ஹைலக்ஸ் ஒன்று எடுத்திருக்கிறான். “மாமா, 33 டயரும் ஜீரோ ஆஃப்செட் ரிம்மும் போடலாம்னு இருக்கேன். மழை பேஞ்சாலும் தோட்டத்துல எங்க வேணும்னாலும் ஏறிடும்ல?” என்று கேட்டான். அவனுக்குச் சொன்ன பதில் நீண்டுபோனது. தானா ராத்தாவிலும் கம்போங் ராஜாவிலும் இதே யோசனையோடு இருக்கிறவர்கள் நிறைய என்பதால் இங்கேயே எழுதிவைக்கிறேன்.

ஏறும், சந்தேகமில்லை. ஆனால் இந்த மலையில் ஏறிய வண்டி எல்லாம் இறங்கியாக வேண்டும். தக்காளியும் கோசும் ஏற்றிக்கொண்டு தாப்பாவுக்கோ ஈப்போவுக்கோ போகும் வண்டி பாரத்தோடுதான் இறங்குகிறது. காலியாகத்தான் திரும்பி ஏறுகிறது. பெரிய டயர் அந்த இறக்கத்தில் என்ன செய்யும் என்பதைத்தான் நான் அவனிடம் பேச விரும்பினேன்.

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். நடு ரக ஹைலக்ஸ் பலவற்றில் டயரின் பக்கச் சுவரில் 265/65 ஆர்17 என்று இருக்கும். 265 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். எல்லாம் கூட்டினால் டயரின் முழு உயரம் 776 மி.மீ. வருகிறது. 265/70 ஆர்17 போட்டால் 803 மி.மீ. கடையில் 33 என்று சொல்லி விற்கும் 285/70 ஆர்17 உண்மையில் 831 மி.மீ., அதாவது 32.7 அங்குலம். பழைய டயரைவிட 7 சதவீதம் பெரியது. கூடிய 55 மி.மீ. முழுவதும் வண்டிக்கு உயரமாகக் கிடைக்காது. அச்சு சக்கரத்தின் நடுவில் இருப்பதால் பாதிதான் கிடைக்கும். டிஃபரன்ஷியலுக்கு அடியில் நமக்கு மிஞ்சுவது 27 மி.மீ. அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தாப்பா அடிவாரத்தில். இடையில் 60 கிலோமீட்டர் வளைவுச் சாலை. சரக்கோடு 2,900 கிலோ எடை வரும் ஒரு பிக்கப் 1,400 மீட்டர் இறங்கினால் 40 மெகாஜூல் ஆற்றல் எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். ஒரு பெரிய டிரம்மில் 120 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற அளவு சூடு அது. காற்றும் சாலை உராய்வும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை எஞ்சினும் பிரேக்கும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். மலையில் வளர்ந்த டிரைவர்கள் பிரேக்கை நம்பி இறங்க மாட்டார்கள். கியரைக் குறைத்து எஞ்சினைப் பிடிக்க விட்டு, வளைவுக்கு முன் மட்டும் பிரேக்கைத் தொட்டு இறங்குவார்கள்.

பெரிய டயர் இந்த இரண்டையும் பலவீனமாக்குகிறது. சக்கரத்தின் ஆரம் 7 சதவீதம் கூடினால், அதே அழுத்தத்தில் பிரேக் மிதிக்கும்போது சாலையில் கிடைக்கும் பிடிப்பு விசை ஆறரை சதவீதம் குறைகிறது. எஞ்சின் பிடிப்பும் அதே அளவு குறைகிறது. அதோடு முடியவில்லை. அதே வேகத்தில் எஞ்சின் முன்பைவிட மெதுவாகச் சுற்றுவதால் அதன் இழுத்துப் பிடிக்கும் திறனும் இறங்கிவிடுகிறது. இரண்டாவது கியரில் அடங்கி வந்த வண்டி இப்போது அதே சரிவில் மெல்ல மெல்ல வேகம் எடுக்கும். அதைச் சமாளிக்கக் கால் பிரேக்குக்குப் போகும். பிரேக் சூடாகும். கனமான டயரும் ரிம்மும் சுழல்வதை நிறுத்துவதும் அதே பிரேக்கின் வேலைதான். ஆஸ்திரேலியாவில் 33, 35 அங்குலம் போடுகிறவர்களில் பலர் டிஃபரன்ஷியல் கியர் விகிதத்தையும் சேர்த்து மாற்றுவார்கள். நம் ஊரில் டயரை மட்டும் மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

2010 டிசம்பர் 20 அன்று சிம்பாங் பூலாய் சாலையில் தாய்லாந்துப் பயணிகளை ஏற்றி இறங்கிய பேருந்து கவிழ்ந்து இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2013 ஆகஸ்டு 21 அன்று கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் போனார்கள். இரண்டும் பேருந்து, டயர் அளவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் இரண்டுமே இறக்கத்தில் நடந்தவை. நம் மலைச் சாலை எந்தத் திசையில் உயிர் கேட்கிறது என்பதை அந்த இரண்டு நாளும் காட்டின. பிக்கப்பில் என்ன மாற்றம் செய்தாலும் நான் அந்தத் திசையிலிருந்துதான் கணக்கை ஆரம்பிப்பேன்.

வேகமானியையும் மறக்கக் கூடாது. 285/70 போட்ட பிறகு முள் 60 காட்டும்போது வண்டி ஏறக்குறைய 64-இல் போகும். கம்பெனிகள் வேகமானியைச் சற்றுக் கூட்டியே காட்டும்படி செய்வதால் அந்த இடைவெளி கொஞ்சம் மறைந்துபோகும், ஆனாலும் பழைய பாதுகாப்பு கையில் இருக்காது. கிலோமீட்டர் கணக்கும் ஆறரை சதவீதம் குறைவாக ஓடும். “பெரிய டயர் போட்ட பிறகு டீசல் ரொம்பக் குடிக்குது” என்று சொல்கிறவர்களின் கணக்கில் ஒரு பங்கு இந்தக் குறைந்த கிலோமீட்டர்தான். மறு பங்கு உண்மையான செலவு: எடை, அகலம், உருளும் தடை. 2024 ஜூன் 10 முதல் தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்குப் போன பிறகு, தினமும் மலை ஏறி இறங்குகிற ஒருவர் இதை ஒதுக்கிவிட முடியாது.

இந்த இடத்தில் பழைய லேண்ட் ரோவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கேமரன் மலையின் காய்கறித் தோட்டங்களில் இன்றும் ஓடுகிற அந்தத் துருப்பிடித்த வண்டிகளைப் பார்க்காமல் பிரிஞ்சாங்கில் ஒரு மணி நேரம் நிற்க முடியாது. 1948-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான குடும்பம் அது. நீண்ட உடல் கொண்ட வகைகளில் பல 7.50-16 என்ற டயரில் ஓடின. அதன் உயரம் 800 மி.மீ.யைச் சற்றே தாண்டும். அதாவது இன்றைய 265/70 ஆர்17 எவ்வளவு உயரமோ ஏறக்குறைய அவ்வளவு. அகலமோ வெகு குறைவு. நம் களிமண் சேற்றில் அந்த ஒல்லி டயர் மேல் குழம்பைக் கீறிக்கொண்டு அடியில் உள்ள கெட்டி மண்ணைத் தேடிப் பிடிக்கும். வழுக்கும் மேட்டில் சங்கிலியும் கட்டிக்கொள்வார்கள். மணலுக்கும் சதுப்புக்கும் அகலமான டயர் உதவும். கெட்டி அடித்தளத்தின் மேல் வழுவழுவென்று கிடக்கும் மலைச் சேற்றில் உயரம்தான் வேலை செய்கிறது, அகலம் அல்ல. இந்த மலையை அரை நூற்றாண்டு சுமந்த வண்டிகள் அந்த அளவில் ஓடியிருக்கின்றன என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

ரிம்முக்கு வருவோம். பணம் அதிகம் வீணாவது இங்கேதான்.

ஹைலக்ஸ், டிமேக்ஸ், ரேஞ்சர், டிரைட்டன் நான்குக்கும் ஆறு துளை, 139.7 மி.மீ. வட்டம். அதனால் ஒன்றின் ரிம் மற்றொன்றுக்குப் போகும் என்று செகண்ட்ஹேண்ட் விற்கிறவர்கள் சொல்வார்கள். துளை பொருந்தும், உண்மைதான். ஆனால் நடுத் துளை வேறு வேறு. ஹைலக்ஸின் ஹப் 106 மி.மீ., ரேஞ்சர் 93, டிரைட்டன் 67. ரேஞ்சர் ரிம்மை ஹைலக்ஸில் மாட்டவே முடியாது. ஹைலக்ஸ் ரிம்மை ரேஞ்சரில் மாட்டினால் நடுத் துளையின் விட்டத்தில் 13 மி.மீ. இடைவெளி நிற்கும். அதை நிரப்ப வளையம் போடாவிட்டால் ரிம்மை நடுவில் நிறுத்தும் பொறுப்பு முழுக்க நட்டுகளின் தலையில். நவாரா இந்தக் கூட்டத்திலேயே சேராது. அதற்கு ஆறு துளை 114.3. நட்டிலும் கவனம் வேண்டும். டொயோட்டாவின் அலாய் ரிம்கள் பலவற்றுக்குத் தட்டையான வாஷர் வைத்த நட்டு வரும். வெளியில் வாங்கும் ரிம் பெரும்பாலும் கூம்பு வடிவ நட்டைக் கேட்கும். பழைய நட்டையே போட்டு முடுக்கினால் முடுக்கின மாதிரி தெரியும், உட்கார்ந்திருக்காது.

அடுத்து ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் எவ்வளவு வெளிப் பக்கம் தள்ளி இருக்கிறது என்பதுதான் அது. ஹைலக்ஸுக்கு 30 மி.மீ. ரேஞ்சருக்கு 55. அக்கா மகன் பார்த்துவைத்திருந்த ரிம் 9 அங்குல அகலம், ஆஃப்செட் பூஜ்யம். கம்பெனி ரிம் 7.5 அங்குலம். கணக்குப் போட்டால் ரிம்மின் வெளி விளிம்பு ஒவ்வொரு பக்கமும் 49 மி.மீ. வெளியே வருகிறது. இரு பக்கமும் சேர்த்தால் வண்டி 10 செ.மீ. அகலமாகிறது. படத்தில் அது கம்பீரமாகத் தெரியும். வீல் பேரிங்குக்கு அது நாள் முழுக்கக் கூடுதல் நெம்புகோல். ஸ்டியரிங் குழியில் விழும்போது கையை உதறும். வளைவில் பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கும்.

அந்த 10 செ.மீ.யை தேயிலைத் தோட்டத்துச் சாலையில் வைத்து யோசித்துப் பாருங்கள். பிரிஞ்சாங்கிலிருந்து சுங்கை பாலாஸ் போகும் வழி ஒரு வண்டி அகலம். எதிரே சுற்றுலா வேன் வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறு பக்கம் வடிகால். அதே சாலை ஓரத்தில்தான் கொழுந்து மூட்டையோடு தொழிலாளிகள் நடக்கிறார்கள். 1929-இல் ரஸ்ஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து நம் பாட்டன் பாட்டிமார் நடந்த ஓரம் அது. இன்று வங்கதேசத்துக்காரரும் நேப்பாளியும் நடக்கிறார்கள். மட்கார்டுக்கு வெளியே நிற்கும் டயர் சேற்றையும் கல்லையும் வாரி அடிப்பது அவர்கள் மேல்தான். மட்கார்டின் வேலையே அதைத் தடுப்பது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் இந்த விஷயத்தில் எனக்குச் சமாதானம் கிடையாது. டயர் வெளியே துருத்திக்கொண்டிருந்தால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே சம்மன் கொடுக்கும் என்பது இதற்குப் பிறகு வருகிற காரணம்தான்.

வெளியில் வாங்கும் ரிம்மின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எவ்வளவு பாரம் தாங்கும் என்று பொறித்திருக்க வேண்டும். ஜப்பானிய முத்திரை இருந்தால் ஜே.டபிள்யூ.எல் என்று மட்டும் இருக்கிறதா, ஜே.டபிள்யூ.எல்-டி என்று இருக்கிறதா என்று கவனியுங்கள். முதலாவது கார்களுக்கான தரம். டி என்ற எழுத்து சேர்ந்தால்தான் சரக்கு வண்டிகளுக்கான தரம். எந்தப் பொறிப்பும் இல்லாத ரிம், எவ்வளவு மலிவாக வந்தாலும், கோசு மூட்டை ஏற்றும் வண்டிக்கு வேண்டாம்.

டயரிலும் பாரக் குறியீடு உண்டு. அளவுக்குப் பக்கத்தில் 112 என்று இருந்தால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். எல்.டி., அதாவது லைட் டிரக் வகை டயரில் 121/118 போல இருக்கும். தனிச் சக்கரமானால் 1,450 கிலோ. பின் அச்சில் ஒரு டன் ஏற்றுகிறவருக்கு அந்தக் கெட்டியான பக்கச் சுவர் பயன்படும். அதற்கு ஈடாக ஒவ்வொரு சக்கரத்திலும் பல கிலோ எடை கூடும். காலி வண்டி குதிக்கும். காற்றழுத்தமும் பழைய கணக்கில் இருக்கக் கூடாது. அதே பாரத்துக்கு எல்.டி. டயர் கூடுதல் காற்று கேட்கும். கடைக்காரர் கதவில் ஒட்டியுள்ள எண்ணைப் பார்த்து அடித்துவிட்டால், புது டயர் உங்களுக்குத் தெரியாமலேயே காற்றுக் குறைவாக ஓடிக்கொண்டிருக்கும்.

பட்டை விஷயத்தில் ஊரில் பெரிய சண்டையே உண்டு. எம்.டி., அதாவது சேற்று டயர், பார்க்க மிரட்டும். மலேசியா இந்த வகையில் பெயர் பெற்ற நாடு. தைப்பிங் கமுந்திங்கில் இயங்கிவந்த சில்வர்ஸ்டோன் தொழிற்சாலையின் சேற்று டயர்கள் 1997-இல் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் மாதிரியான காட்டுப் போட்டிகளில் பழகிய பெயர். காட்டுக்குள் அதற்கு நிகரில்லை. ஆனால் நம் பிக்கப்புகள் பெரும்பாலான நேரம் ஓடுவது ஈரமான தார்ச் சாலையில். பெரிய கட்டைகளும் அகன்ற இடைவெளிகளும் உள்ள டயரில் சாலையைத் தொடும் ரப்பர் குறைவு. மழைத் தாரில் நிற்க அதிக தூரம் எடுக்கும். மூடுபனியில் முன்னால் போகிற லோரியின் விளக்கு திடீரென்று தெரியும்போது அந்தத் தூரம் நம்மிடம் இருக்காது. ஏ.டி., அதாவது எல்லா வகைப் பாதைக்குமான டயர், சாலை டயருக்கும் சேற்று டயருக்கும் நடுவில் நிற்கிறது. களிமண் அதன் பள்ளங்களில் அடைத்துக்கொள்ளும், உண்மைதான். பண்ணைப் பாதையின் கடைசி இருநூறு மீட்டருக்கு மட்டும் எம்.டி. தேவைப்படுகிறவர் ஏ.டி. டயரோடு ஒரு ஜோடி சங்கிலி வாங்கி வண்டியில் போட்டுக்கொள்வது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

வாங்கும்போது பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. தள்ளுபடி என்று காட்டும் டயர்களில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

ஐந்து டயரும் ஒரே அளவாக இருக்கட்டும். நான்கை மட்டும் மாற்றிவிட்டு ஸ்பேர் பழையதாகக் கிடந்தால், சேற்றில் ஃபோர்வீல் போட வேண்டிய நேரத்தில் ஒரு சக்கரம் சிறிதாக நிற்கும். முன் அச்சும் பின் அச்சும் வேறு வேறு வேகத்தில் சுற்றப் பார்க்கும், அந்த இழுபறி முழுவதும் கியர் பெட்டியில் ஏறும். 285/70 வாங்கினால் அது தொட்டிக்கு அடியில் ஸ்பேர் தொங்கும் இடத்தில் சரியாக உட்காருகிறதா என்பதையும் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

அக்கா மகனுக்கு நான் சொன்னது இதுதான். கம்பெனி ரிம் வளையாமல், விரிசல் விடாமல் இருந்தால் அதையே வைத்துக்கொள். 265/70 ஆர்17, ஏ.டி., உன் பாரத்துக்கு எல்.டி. உயரம் 3.4 சதவீதம்தான் கூடும். அடியில் 13 மி.மீ. கிடைக்கும். எஞ்சின் பிடிப்பில் குறைவது சிறிது. ரிம் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் 8 அங்குலத்துக்குள், ஆஃப்செட் 20-லிருந்து 30-க்குள், பாரம் பொறித்ததாகப் பார். ரிம்முக்கு வைத்திருக்கும் பணத்தில் மீதியை முன் பிரேக் பேடுக்கும் பிரேக் ஆயிலுக்கும் போடு. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சினால் அதன் கொதிநிலை இறங்கும். தாப்பா இறக்கத்தில் பெடல் மெத்தென்று கீழே போவது அப்போதுதான். அவன் முகம் வாடியது. “33 போட்டா என்ன மாமா ஆயிடும், ஊர்ல எல்லாரும் போட்டிருக்காங்களே?” என்றான். போட்டவர்களில் எத்தனை பேர் பாரத்தோடு தினமும் இறங்குகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கச் சொன்னேன். வார இறுதியில் மட்டும் ஓட்டுகிறவரின் வண்டியும் காய்கறி வண்டியும் ஒரே கணக்கில் வராது.

மாட்டுகிற நாளில் அவசரப்படாதீர்கள். முதலில் ஒரு முன் சக்கரத்தை மட்டும் மாட்டச் சொல்லி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். முன் பக்கம் பம்பர் ஓரம், பின் பக்கம் மட்கார்டின் உள் பிளாஸ்டிக், அதற்குப் பின்னால் கேபின் சேஸிஸில் உட்காரும் மூலை, இந்த மூன்று இடத்திலும் விரல் போகிற இடைவெளி வேண்டும். ரிவர்ஸில் திருப்பியும் பாருங்கள். முன்னால் உரசாத டயர் பின்னால் வரும்போது உரசும். கடையில் காலி வண்டியில் உரசாதது, பாரத்தோடு ஒரு சக்கரம் குழியில் இறங்கும்போது உரசும். அதனால் அருகில் உள்ள வடிகால் ஓரத்தில் ஒரு முன் சக்கரத்தை ஏற்றி, பாடி சாய்ந்த நிலையில் மறுபடி திருப்பிப் பாருங்கள். உரசும் இடத்தைச் சுத்தியலால் தட்டி ஒடுக்கிவிடலாம் என்று சொல்லும் கடையில் நான் வண்டியைத் தொடர்ந்து விட மாட்டேன். வீல் அலைன்மென்ட் அன்றே பார்த்துவிட வேண்டும். வாணிபப் பதிவில் இருக்கும் வண்டியானால் அடுத்த புஸ்பாகோம் சோதனைக்கு முன் ரிம்மின் விவரமும் ரசீதும் கையில் இருக்கட்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மாற்றத்தை எழுத்தில் தெரிவித்து வையுங்கள்.

நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் முடுக்கிவிட்டு அதோடு விட்டுவிடச் சம்மதிக்காதீர்கள். வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து, நட்சத்திர வரிசையில் முடுக்கச் சொல்லுங்கள். புது ரிம் உட்கார்ந்து பழக 50, 100 கிலோமீட்டர் ஆகும். அதற்குப் பிறகு குளிர்ந்த சக்கரத்தில் மறுபடி எல்லா நட்டையும் அதே அளவுக்குச் சோதியுங்கள். அந்தச் சோதனை முடியும்வரை பாரம் ஏற்றிக்கொண்டு தாப்பாவுக்கு இறங்காதீர்கள்.